டோனி டன்ஜியும் மாறாத ஆட்டப் புத்தகமும்

2006 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் மைதானத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி 44-17 என்ற கணக்கில் தோற்றது. தோற்றதுகூடப் பெரிதில்லை, தோற்ற விதம்தான் மானத்தை வாங்கியது. எதிரணியான ஜாகுவார்ஸ் பந்தை வீசுவதற்கு அதிகம் மெனக்கெடவே இல்லை. கையில் இடுக்கிக்கொண்டு ஓடியே 375 யார்டு எடுத்தார்கள். மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ 166, ஃப்ரெட் டெய்லர் 131. ஒரு ஆட்டத்தில் 150 யார்டு ஓடவிட்டாலே தடுப்பு வரிசை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறும். இது அதைப்போல இரண்டரை மடங்கு.

அமெரிக்கன் ஃபுட்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். அணிக்கு இரண்டு கோஷ்டி: தாக்க 11 பேர், தடுக்க வேறு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும், இல்லாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். முன்னேற இரண்டே வழி, ஓடுவது அல்லது வீசுவது. எதிரணியின் ஓட்டத்தை நிறுத்த முடியாத அணி, கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போன வீடு மாதிரி. அந்தப் பருவம் முழுக்க கோல்ட்ஸ் அப்படித்தான் இருந்தது. ஆட்டத்துக்குச் சராசரியாக 173 யார்டு ஓட்டம் கொடுத்தது. என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகின் 32 அணிகளில் இதுதான் கடைசி இடம்.

இப்படி அடி வாங்கிய பிறகு ஒரு தலைமைப் பயிற்சியாளர் என்ன செய்வார்? உதவியாளர் ஒருவரைப் பலி கொடுப்பார், அல்லது அமைப்பையே மாற்றுவார், குறைந்தபட்சம் நாலு பேரைக் கூப்பிட்டுக் கத்துவார். டோனி டன்ஜி மூன்றையும் செய்யவில்லை. அதே அமைப்பு, அதே பயிற்சி, அதே தணிந்த குரல். சரியாக எட்டு வாரம் கழித்து, 2007 பிப்ரவரி 4 அன்று, அதே தடுப்பு வரிசையோடு, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தார். அந்தக் கோப்பையை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான்.

அந்த எட்டு வாரங்களில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. பதில் தேட 1977-க்குப் போகவேண்டியிருக்கிறது.

யாரும் கேட்காத குவார்ட்டர்பேக்

டன்ஜி பிறந்தது 1955 அக்டோபர் 6, மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில். அப்பா கம்யூனிட்டி காலேஜில் உடலியல் பேராசிரியர். இரண்டாம் உலகப்போரில் டஸ்கீகி ஏர்மென் என்ற கறுப்பின விமானப்படைப் பிரிவில் இருந்தவர். அம்மா பள்ளியில் ஷேக்ஸ்பியர் நடத்திய ஆசிரியை. வீட்டில் இரண்டு வாத்தியார்கள் என்றால் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்தானே.

1973 முதல் 1976 வரை மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு அவர் குவார்ட்டர்பேக். அணியின் மூளை அந்த இடம்தான்: ஆட்டத்தை அறிவிப்பதும், எதிரணியின் நிலையைப் படிப்பதும், பந்தை வீசுவதும் அவர் வேலை. மினசோட்டாவின் வீச்சுச் சாதனைகளைத் தன் பெயரில் எழுதிவிட்டுத்தான் வெளியே வந்தார். 1977-இல் என்எஃப்எல் அணிகள் 12 சுற்றுகளில் 300-க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. அந்தப் பட்டியலில் டன்ஜியின் பெயர் இல்லை.

அந்தக் காலத்து என்எஃப்எல்லில் கறுப்பினக் குவார்ட்டர்பேக் என்றாலே அணிகள் தயங்கின. ஓடத் தெரியுமா, பந்தைப் பிடிக்கும் ரிசீவராகப் போ. பாயத் தெரியுமா, தடுப்புக்குப் போ. இதுதான் வழக்கம். 'யோசிக்கும் இடம்' அவர்களுக்கு இல்லை என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

அவரைக் கூப்பிட்டது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். மினசோட்டாவில் அவருக்குப் பயிற்சியளித்த டாம் மூர் அதே 1977-இல்தான் ஸ்டீலர்ஸின் உதவிப் பயிற்சியாளராகப் போயிருந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். பிட்ஸ்பர்க்கில் டன்ஜிக்குக் கிடைத்தது சேஃப்டி என்ற இடம், அதாவது தடுப்பின் கடைசி வரிசை. அதுவரை பந்து வீசிப் பழகியவர், இனி அடுத்தவர் வீசும் பந்தைப் பறிக்கவேண்டும்.

அக்டோபர் 9, ஹூஸ்டன். ஸ்டீலர்ஸின் குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா காயம்பட்டு வெளியேறினார். மாற்று வீரர் மைக் க்ரூசெக்கும் காயம்பட்டார். குவார்ட்டர்பேக் இடத்தில் நிற்க ஆள் இல்லை. சேஃப்டியாக ஆடிக்கொண்டிருந்த புதுப்பையன் டன்ஜியை அனுப்பினார்கள். யார் தேர்ந்தெடுக்க மறுத்தார்களோ அதே என்எஃப்எல்லில், அவசரத்துக்கு மட்டும், அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. அவர் வீசியதில் இரண்டை எதிரணி பறித்தது. அதே ஆட்டத்தில், சேஃப்டியாக நின்றபோது அவரும் ஒன்றைப் பறித்திருந்தார். ஒரே ஆட்டத்தில் இன்டர்செப்ஷன் கொடுக்கவும் எடுக்கவும் செய்தது நவீன என்எஃப்எல்லில் மிக அபூர்வம். வினாடி வினாக்காரர்கள் இதை விடவே மாட்டார்கள். ஸ்டீலர்ஸ் என்னவோ 27-10 என்று தோற்றது.

அடுத்த ஆண்டு, 1978-இல், ஆறு இன்டர்செப்ஷன். அணியிலேயே அதுதான் அதிகம். 13-ஆவது சூப்பர் பவுலில் டல்லாஸை 35-31 என்று வென்ற அணியில் அவரும் இருந்தார். அப்புறம் வேகமாக முடிந்துவிட்டது. 1979-இல் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றினார்கள், 1980-இல் நியூயார்க் ஜயண்ட்ஸின் பயிற்சி முகாமிலேயே கழித்துவிட்டார்கள். மூன்றே பருவம். அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

நாலு பேர் நெருக்கணும், ஒருத்தர் பின்னால் ஓடணும்

ஸ்டீலர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் சக் நோல் தானும் ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர். 1950-களில் க்ளீவ்லாண்டுக்கு ஆடியவர். ஃபுட்பால் உங்கள் வாழ்நாள் வேலை இல்லை, அதற்கு இப்போதே தயாராகுங்கள் என்று இளம் வீரர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். டன்ஜிக்கோ ஃபுட்பாலே வாழ்நாள் வேலையாகிப்போனது. 1981-இல் நோல் அவரை உதவிப் பயிற்சியாளராக்கினார். 1984-இல், 28 வயதில், டன்ஜி முழுத் தடுப்பாட்டத்துக்கும் பொறுப்பாளர். என்எஃப்எல்லில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். கூட ஆடிய சிலர் இன்னும் களத்தில் இருக்கும்போதே இவர் கையில் விசில்.

என்ன கற்றார் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இந்தக் கதையின் முதுகெலும்பு அதுதான்.

'கவர் 2' என்ற தடுப்பில் இரண்டு சேஃப்டிகள் பின்னால் நின்று ஆளுக்குப் பாதி மைதானத்தைக் காவல் காப்பார்கள். அதில் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு பேருக்கும் நடுவே, சரியாக மைதானத்தின் மத்தியில், ஆழமாக ஒரு வெற்றிடம். கெட்டிக்கார குவார்ட்டர்பேக் பந்தை அங்கேதான் போடுவார். 1970-களின் ஸ்டீலர்ஸ் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தது: வழக்கமாக ஓட்டத்தைத் தடுக்க முன்னால் நிற்கும் நடு லைன்பேக்கர், எதிரணி வீசப்போகிறது என்று தெரிந்த கணத்தில் திரும்பிப் பின்னால் ஓடி அந்த வெற்றிடத்தை அடைப்பார். ஸ்டீலர்ஸின் நடு லைன்பேக்கர் ஜாக் லாம்பர்ட் போன்ற ஒருவர் இருந்தால் இது சாத்தியம்.

இதற்கு இரண்டு விலை. ஒன்று, குவார்ட்டர்பேக்கை நெருக்க முன்வரிசையின் நாலு பேர் மட்டும்தான், கூடுதல் ஆளை அனுப்ப முடியாது. இரண்டு, எல்லோரும் பருமனைவிட வேகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால், ஒருவர் தன் இடத்தை விட்டு அரை அடி நகர்ந்தாலும் எதிரணி அந்த வழியாகவே ஓடிவிடும். ஜாக்சன்வில்லில் நடந்தது இதுதான்.

பின்னால் டன்ஜி டாம்பா அணியில் இதை நடத்தியதால், உலகம் இதை 'டாம்பா 2' என்று அழைத்தது. அந்தப் பெயரைக் கேட்டால் டன்ஜிக்குச் சிரிப்புத்தான். இது சக் நோலும் அவருடைய தடுப்புப் பொறுப்பாளர் பட் கார்சனும் எழுதிய பிட்ஸ்பர்க் புத்தகம், நான் பெரிதாக எதையும் மாற்றவில்லை என்று சூப்பர் பவுல் சமயத்தில் சொன்னார். தன்னடக்கம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அது நேரடி உண்மை என்றுதான் படுகிறது. சொந்த இடத்தை மறுத்து, பிடிக்காத இடத்தில் உட்காரவைத்து, கையில் கொடுத்த புத்தகம் அது. முன்னாள் குவார்ட்டர்பேக் என்பதால் அதை அவர் எதிரே இருந்து படித்தார்: நான் வீசுபவனாக இருந்தால் எனக்கு எது கஷ்டம்? குழப்பும் வித்தைகள் அல்ல, 11 பேரும் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் நிற்பதுதான் கஷ்டம். அந்த முடிவிலிருந்து அவர் அசையவே இல்லை.

டாம்பா

1988-இல் ஸ்டீலர்ஸ் 5-11, அதாவது 5 வெற்றி, 11 தோல்வி. டன்ஜியைப் பதவி இறங்கச் சொன்னார்கள், அவர் விலகிக்கொண்டார். கேன்சஸ் சிட்டியில் மூன்று ஆண்டு, மினசோட்டா வைக்கிங்ஸில் நான்கு ஆண்டு. தலைமைப் பொறுப்பு கிடைக்க 1996 ஆனது. அதுவும் டாம்பா பே பக்கனீர்ஸ் முதலில் தேடிப்போனது வேறு பெரிய பெயர்களை. ஜிம்மி ஜான்சன் மயாமிக்குப் போய்விட்டார், ஸ்டீவ் ஸ்பரியர் வரமாட்டேன் என்றுவிட்டார்.

அப்போதைய பக்கனீர்ஸ் லீகின் கேலிப்பொருள். 1983 தொடங்கி ஒரு பருவத்தில்கூட வெற்றி தோல்வியைத் தாண்டவில்லை. டன்ஜியின் முதல் ஆட்டம் கிரீன் பேயிடம் 34-3 தோல்வி. முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒரே வெற்றி. அப்போதும் அவர் எதையும் மாற்றவில்லை. மீதி ஏழில் ஐந்தை ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு 10-6, பருவ முடிவின் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப். வாரன் சாப், டெரிக் புரூக்ஸ், ஜான் லின்ச், ரோண்டே பார்பர் என்று லீகே பயப்படும் தடுப்பு. பொறுப்பாளர் மான்டி கிஃபின். உதவியாளர்களில் லவி ஸ்மித், ஹெர்ம் எட்வர்ட்ஸ், 2001-இல் சேர்ந்த மைக் டாம்லின் என்ற 28 வயதுப் பையன்.

உச்சம் 1999 பருவத்தில் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியின் இறுதி. அந்தப் பருவத்தில் 526 புள்ளி குவித்த செயின்ட் லூயிஸ் ராம்ஸை 11-க்குள் கட்டிப்போட்டார்கள். ஆனாலும் தோல்வி, 11-6. கடைசி நிமிடத்தில் பெர்ட் இமானுவல் பிடித்த பந்து, தரையில் பட்டதென்று ரீப்ளேயில் ரத்தானது. அடுத்த பருவத்துக்கு முன் லீக் அந்த விதியையே தெளிவுபடுத்தி மாற்றியது. டாம்பாக்காரர்களிடம் இன்றும் அந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள்.

ஆனால் நடுவர்மேல் மட்டும் பழி போட முடியாது. 2000 பருவத்தில் ஃபிலடெல்ஃபியாவிடம் 21-3, 2001 பருவத்தில் மறுபடி ஃபிலடெல்ஃபியாவிடம் 31-9. மூன்று ஆண்டு, மூன்று பிளேஆஃப் தோல்வி, பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. தாக்குதல் பொறுப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள், பலன் இல்லை. தடுப்பில் எந்தப் பிடிவாதம் அவரைத் தூக்கிவிட்டதோ, தாக்குதலில் அதே எச்சரிக்கை காலை வாரியது. 2002 ஜனவரி 14 அன்று வேலை போனது. பலர் இதை அநியாயம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 54-42 என்ற கணக்கு அந்த அணிக்குப் பொற்காலம்தான், ஆனால் முதலாளிகளின் அலுப்பிலும் நியாயம் இருந்தது.

அவர்கள் ஓக்லாண்டு அணிக்கு, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நான்கு உயர் வாய்ப்புகளும் 80 லட்சம் டாலரும் கொடுத்து, அதன் பயிற்சியாளர் ஜான் க்ரூடனைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஆண்டில் சூப்பர் பவுல், 48-21. அதில் மூன்று டச்டவுன் தடுப்பு வரிசையே பறித்துக்கொண்டு ஓடி எடுத்தது. டன்ஜி வளர்த்த தடுப்பு வரிசை அது. கோப்பையைத் தூக்கியது வேறு கை.

இன்னொன்றும் நடந்தது. டன்ஜியும் மினசோட்டாவின் டென்னிஸ் கிரீனும் அடுத்தடுத்து வேலையிழந்ததைப் பார்த்து, கறுப்பினப் பயிற்சியாளர்கள் அதிகமாக ஜெயித்தாலும் கடைசியாக எடுக்கப்பட்டு முதலில் அனுப்பப்படுகிறார்கள் என்று வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மெஹ்ரியும் அறிக்கை கொடுத்தார்கள். 2003-இல் லீக் புது விதி கொண்டுவந்தது: தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கும் அணி சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்தாகவேண்டும். குழுவுக்குத் தலைமை தாங்கிய ஸ்டீலர்ஸ் உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் அது ரூனி விதி.

எட்டு வாரம்

இண்டியானாபொலிஸ் உடனே கூப்பிட்டது. அங்கே பெய்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார், அவருக்குத் தாக்குதலை வகுத்துக்கொடுப்பவராக டாம் மூர். ஆமாம், அதே டாம் மூர். ஒருகாலத்து மாணவர் இப்போது தலைவர். தாக்குதலை அவர்களிடம் விட்டுவிட்டு டன்ஜி ஒதுங்கி நின்றார். டாம்பாவில் படித்த பாடம் இது என்று நினைக்கிறேன்: தனக்குத் தெரியாததில் கைவைக்காமல் இருப்பது.

2003 அக்டோபர் 6, அவருடைய 48-ஆவது பிறந்தநாள். திங்கள் இரவு ஆட்டம், இடம் டாம்பா. நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கோல்ட்ஸ் 21 புள்ளி பின்தங்கியிருந்தது. வீட்டுக்குக் கிளம்பியவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்தில் 38-35 என்று கோல்ட்ஸ் ஜெயித்தது. அவ்வளவு குறைந்த நேரத்தில் அவ்வளவு பின்தங்கிய எந்த அணியும் அதற்குமுன் ஜெயித்ததில்லை. கேமரா டன்ஜியைக் காட்டியபோதெல்லாம் அவர் கைகட்டி நின்றார்.

பிளேஆஃபில் மட்டும் அடி. நியூ இங்கிலாந்து இரண்டு முறை வெளியேற்றியது. 2005-இல் முதல் 13 ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். அந்த டிசம்பரில் டன்ஜி தன் 18 வயது மகனை இழந்தார். ஒரு வாரத்தில் அணிக்குத் திரும்பினார். ஜனவரியில் அவரை வெளியே அனுப்பியது பிட்ஸ்பர்க், 21-18.

அப்புறம் 2006. ஜாக்சன்வில்.

வெற்றி பெறுபவர்கள் அசாதாரணமாக எதையும் செய்வதில்லை. சாதாரண வேலையை யோசிக்காமல், எதிராளியைவிடச் சீக்கிரமாகச் செய்கிறார்கள் என்பது டன்ஜியின் நம்பிக்கை. அமைப்பை மாற்றினால் ஒவ்வொருவரும் மறுபடி யோசிக்க ஆரம்பிப்பார். யோசிக்கும் அந்த அரை நொடியில் ஓட்டக்காரர் தாண்டிவிடுவார். ஆகவே அதையே இன்னும் சரியாகச் செய்யுங்கள் என்றார், அவ்வளவுதான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பொய்யாகிவிடும். பருவத்தில் நான்கே ஆட்டம் ஆடியிருந்த சேஃப்டி பாப் சாண்டர்ஸ் காயம் ஆறி பிளேஆஃபுக்குத் திரும்பினார். குள்ளமான ஆள், ஆனால் பீரங்கிக் குண்டுபோல வந்து மோதுவார். டன்ஜியின் பொறுமைக்குப் பாதிப் பங்கு என்றால் சாண்டர்ஸின் தோளுக்கு மீதிப் பாதி. மாற்றாமல் இருந்ததன் லாபம் என்னவென்றால், அவர் வந்து நிற்கவேண்டிய இடம் அப்படியே காத்திருந்தது.

முதல் எதிரி கேன்சஸ் சிட்டி. அந்தப் பருவத்தில் 416 முறை பந்தைச் சுமந்து லீக் சாதனை படைத்த லாரி ஜான்சன் அவர்களின் ஓட்டக்காரர். லீகிலேயே மோசமான ஓட்டத்தடுப்பை அவர் மிதித்துத் துவைப்பார் என்று எல்லோரும் எழுதினார்கள். 13 ஓட்டம், 32 யார்டு. அணி மொத்தத்துக்கும் சேர்த்து 44. முதல் பாதியில் ஒரு முறைகூட 10 யார்டு தாண்டிப் பந்தைத் தக்கவைக்க அவர்களால் முடியவில்லை. 23-8. அடுத்து பால்டிமோர்: எதிரணிக்கு டச்டவுனே இல்லை, 15-6. அடுத்து பழைய பகையாளி நியூ இங்கிலாந்து. 21-3 என்று பின்தங்கி, 38-34 என்று முடித்தார்கள். கடைசி நொடிகளில் மார்லின் ஜாக்சன் டாம் பிரேடியின் பந்தைப் பறித்துத் தரையில் சரிந்தார்.

மயாமியில் மழை. எதிரே சிகாகோ பேர்ஸ், அதன் பயிற்சியாளர் லவி ஸ்மித், டாம்பாவில் டன்ஜியிடம் வேலை பார்த்தவர். இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களும் கறுப்பினத்தவர்கள், சூப்பர் பவுல் அதுவரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு அணிகளின் தடுப்பும் அதே பிட்ஸ்பர்க் புத்தகம். முதல் உதையையே டெவின் ஹெஸ்டர் வாங்கி 92 யார்டு ஓடிக் கடைசிக் கோட்டைத் தொட்டார், ஆட்டம் தொடங்கி 14 நொடிதான் ஆகியிருந்தது. டன்ஜி வழக்கம்போல நின்றார்.

நான்காம் கால்பகுதியில் 22-17. சிகாகோவின் ரெக்ஸ் கிராஸ்மன் வீசிய பந்தை கெல்வின் ஹேடன் பறித்து, கோட்டோரமாக 56 யார்டு ஓடி முடித்துவைத்தார். 29-17. ஹேடனின் என்எஃப்எல் வாழ்வில் அது முதல் இன்டர்செப்ஷன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவர் பந்தைப் பிடிக்கும் ரிசீவர். கடைசி ஆண்டில்தான் தடுப்புக்கு மாற்றினார்கள். இதைப் படித்தபோது ஹூஸ்டனில் நின்ற அந்த 1977 பையன் ஞாபகம் வராமல் இல்லை.

பிறகு

2009 ஜனவரியில், 53 வயதில், டன்ஜி விலகினார். 13 பருவம், 139 வெற்றி, 69 தோல்வி. பிளேஆஃபில் 9-10. வீரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் சூப்பர் பவுல் வென்றவர்களில் டாம் ஃப்ளோரஸ், மைக் டிட்காவுக்கு அடுத்து மூன்றாமவர். 2016-இல் ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. தொலைக்காட்சி விமர்சகரானார். சிறையில் இருந்த குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்கைப் போய்ப் பார்த்து, வெளியே வந்தபின் துணை நின்றார்.

ஒரு நெருடலும் உண்டு. 2014-இல், தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன மைக்கேல் சாம் லீகுக்குள் வந்தபோது, நானாக இருந்தால் அவரைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன், கூடவரும் சலசலப்பைச் சமாளிக்க விரும்பமாட்டேன் என்றார் டன்ஜி. ஆட்டத்துக்கு வெளியே உள்ள காரணத்தால் 1977-இல் ஒதுக்கப்பட்டவர் வாயிலிருந்து அது வந்தது பலரைச் சுட்டது. ஆடும் வாய்ப்பே கூடாது என்று சொல்லவில்லை என விளக்கம் கொடுத்தார். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

அவர் விலகிய மூன்றாவது வாரம் அடுத்த சூப்பர் பவுல். நடந்த இடம் டாம்பா. ஜெயித்த அணி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். பயிற்சியாளர் மைக் டாம்லின், வயது 36. ஸ்டீலர்ஸுக்கு வந்தபோது அவர் கையிலும் டாம்பா 2 இருந்தது, எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அங்கே ஏற்கெனவே டிக் லெபோ வேறு மாதிரி ஒரு தடுப்பை நன்றாக நடத்திக்கொண்டிருந்தார். டாம்லின் தன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, லெபோவின் வேலையில் கைவைக்காமல் விட்டார்.